முந்தும் மூச்சு, பிந்தும் எலும்பு

1966-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுத்த படுக்கையாகக் கிடந்தார்கள். எல்லோருக்கும் இருபதை ஒட்டிய வயது. யாருக்கும் எந்த நோயும் இல்லை. நிற்கக் கூடாது, நடக்கக் கூடாது என்பது அவர்கள் தாமாக ஏற்றுக்கொண்ட நிபந்தனை.

அந்தக் காலத்து மருத்துவர்கள் ஓய்வையும் மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். மாரடைப்போ, முதுகுவலியோ, அறுவை சிகிச்சையோ, எதுவானாலும் நாள்கணக்கில், வாரக்கணக்கில் படுக்கைதான். எழுந்து வரும் நோயாளி தள்ளாடினால் பழி நோயின்மேல் விழும். தள்ளாட வைத்தது நோயா, படுக்கையா என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால் நோயே இல்லாதவர்களைப் படுக்க வைத்தாக வேண்டும். பெங்ட் சால்டின், குன்னார் ப்ளூம்க்விஸ்ட், ஜெரி மிட்செல் ஆகியோர் அடங்கிய குழு அதைச் செய்தது.

அவர்கள் முக்கியமாக அளந்தது ஒன்றை. முழு மூச்சாக ஓடும்போது உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியும் என்பது. நுரையீரல் இழுத்து, ரத்தம் சுமந்து, இதயம் தள்ளி, தசை எரிப்பது வரை எல்லாம் சேர்ந்த திறனை இந்த ஒரே எண் சொல்லிவிடும். படுக்கும் முன் ஐவரின் சராசரி நிமிடத்துக்கு 3.3 லிட்டர். எழுந்தபோது ஏறக்குறைய 2.4 லிட்டர். மூன்றே வாரத்தில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது.

பிறகு எட்டு வாரம் அவர்களுக்குக் கடும் பயிற்சி கொடுத்தார்கள். அதற்கு முன் உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாதவர்கள் இரண்டு வாரத்துக்குள் பழைய அளவைத் தொட்டார்கள். ஏற்கெனவே நல்ல பயிற்சியில் இருந்த இருவருக்கு ஒரு மாதம் அல்லது அதற்கு மேல் ஆனது. உயரத்தில் இருந்தவர் இழந்ததும் அதிகம், ஏற வேண்டியதும் அதிகம். காய்ச்சலில் விழுந்து எழுந்த ஓட்டக்காரர், “என் பக்கத்து வீட்டுக்காரர் பத்து நாளில் பழையபடி ஆகிவிட்டாரே” என்று மனம் நொந்துகொள்ளத் தேவையில்லை.

கதை அங்கே முடியவில்லை. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரையும் தேடிப் பிடித்து மறுபடி அளந்தார்கள். வயது ஐம்பது, எடை கூடியிருந்தது. ஆக்ஸிஜன் அளவு 2.9 லிட்டர். இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை பறித்த அளவை முப்பது வருட முதுமைகூடப் பறிக்கவில்லை. ஆறு மாதம் நடை, மெதுவோட்டம், சைக்கிள் என்று சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டு போனதும், 1966-இல் படுப்பதற்கு முன் இருந்த அளவுக்கு ஐவரின் சராசரி திரும்பிவிட்டது.

நோயிலிருந்து மீண்டு ஓட நினைப்பவருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. ஆனால் டல்லாஸ் ஆய்வு அளந்தது மூச்சையும் ரத்தத்தையும் இதயத்தையும் தசையையும்தான். தசைநாணும் எலும்பும் அந்தக் கணக்கில் வரவில்லை. அவையும் ஓய்வில் தளர்கின்றன; ஆனால் திரும்பி வரும் வேகம் வேறு. மீண்டு வரும் ஓட்டக்காரர்களில் பலர் சறுக்குவது இந்த இடைவெளியில்தான்.

முதலில் போவது, முதலில் வருவது

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையோடு டெங்குவும் பெருகும். சென்னை மாரத்தான் நடப்பது ஜனவரியில். அக்டோபரில் காய்ச்சலில் விழுந்த ஒருவர், பணம் கட்டிப் பதிவு செய்த ஓட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நவம்பர் நடுவில் பெசன்ட் நகர் கடற்கரைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தட்டணுக்கள் சரியாகிவிட்டன, பசி எடுக்கிறது, மருத்துவரும் சரி என்று சொல்லிவிட்டார். பழைய வேகத்தைவிடச் சற்றுக் குறைத்தே ஓடுகிறார். கைக்கடிகாரம் நாடித்துடிப்பு 158 என்கிறது. செப்டம்பரில் இதே வேகத்துக்கு 136-ஐத் தாண்டியதில்லை.

கடிகாரம் பழுதாகவில்லை. அவருடைய ரத்தத்தின் அளவு குறைந்திருக்கிறது. நிற்கும்போது கால்களில் தேங்கும் ரத்தம், படுத்துக் கிடக்கும்போது மார்புப் பக்கம் நகர்கிறது. நீர் மிகுந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு உடல் அதைச் சிறுநீராக வெளியேற்றுகிறது. பயிற்சி நின்றதும் பிளாஸ்மா எனும் ரத்த நீர் மேலும் குறைகிறது. ஓட்டத்தை நிறுத்திய சில நாட்களிலேயே இது தொடங்கிவிடும்; சில வாரங்களில் சுமார் பத்து சதவீதம் வரை குறையலாம். ரத்தம் குறைந்தால் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் முன்பு முழுதாக நிரம்பாது. நிரம்பாத இதயம் தள்ளுவதும் குறைவு. உதாரணமாக, இந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு 15 லிட்டர் ரத்தம் தேவை என்று கொள்வோம். துடிப்புக்கு 110 மில்லி தள்ளும் இதயத்துக்கு 136 துடிப்பு போதும். துடிப்புக்கு 95 மில்லிதான் தள்ள முடிகிறது என்றால் 158 துடிப்பு வேண்டும்.

சென்னைப் புழுக்கம் இதைக் கூட்டும். உடலைக் குளிர்விக்க ரத்தத்தின் ஒரு பங்கு தோலுக்கு ஓட வேண்டும். வியர்வையாக வெளியேறுவதும் அந்த ரத்த நீரிலிருந்து வருவதுதான். வெயிலுக்குப் பழகிய உடல் பிளாஸ்மாவைக் கூட்டி வைத்திருக்கும், சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும். குளிரூட்டிய அறையில் சில வாரம் படுத்துக் கிடந்தவருக்கு அந்தப் பழக்கமும் விட்டுப்போயிருக்கும். அதை மீட்க ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும்.

முதலில் போனது முதலில் திரும்பி வரும். பயிற்சி தொடங்கிய சில நாட்களிலேயே பிளாஸ்மா கூடத் தொடங்குகிறது. சிவப்பணுக்கள் கூட வாரங்கள் ஆகும். ஆனாலும் பிளாஸ்மா மட்டும் கூடினாலே இதயம் நன்றாக நிரம்பும், துடிப்பு இறங்கும். இரண்டாவது வாரத்தில் அதே தூரம் இலகுவாகிறது. மூன்றாவது வாரத்தில் இன்னும் இலகு. நாளுக்கு நாள் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும் இந்தக் கட்டத்தை ஓட்டக்காரர்கள் “பாடி திரும்ப வந்துடுச்சு” என்று சொல்லிக் கொண்டாடுவார்கள். வந்தது ரத்த நீர். உடலின் மற்ற பகுதிகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

தசைக்குள் மிஞ்சுவது

1984-இல் எட்வர்ட் காயில் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டு பயிற்சி பெற்ற ஏழு பேரை 84 நாள் பயிற்சியே இல்லாமல் இருக்கச் சொன்னார்கள். அதிகபட்ச ஆக்ஸிஜன் அளவு முதல் இரண்டு மூன்று வாரத்தில் 7 சதவீதம் குறைந்தது. கடைசியில் 16 சதவீதக் குறைவில் நின்றது. தசைக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகளும் வேகமாகச் சரிந்தன. இழந்ததில் பாதி பன்னிரண்டு நாளிலேயே போய்விட்டது.

ஆனால் தசை நார்களைச் சுற்றிப் படர்ந்திருந்த நுண் ரத்தக்குழாய்கள் 84 நாளுக்குப் பிறகும் அப்படியே இருந்தன. பயிற்சியே செய்யாதவர்களிடம் இருப்பதைவிட அவை ஏறக்குறைய 50 சதவீதம் அதிகம். நொதிகளும் ஓரளவு சரிந்து, பயிற்சியில்லாதவர்களின் அளவுக்கு மேலேயே நின்றுவிட்டன. பல ஆண்டு ஓடிய உடல் மூன்று மாத இடைவெளியில் ஓடாதவர் உடலாக மாறிவிடுவதில்லை.

தசை நார்களின் உட்கருவைப் பற்றியும் ஒரு சுவையான கண்டுபிடிப்பு உண்டு. தசை நார் என்பது ஒரு நீண்ட செல். அதற்குள் பல உட்கருக்கள் இருக்கும். தசை வளரும்போது புதிய உட்கருக்கள் வந்து சேர்கின்றன. ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் குண்டர்சன் குழுவினர் எலிகளில் இதை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். தசை சுருங்கிய பின்பும் முன்பு சேர்ந்த உட்கருக்கள் மறையவில்லை. மறுபடி வளர்வதற்கான ஆட்பலம் உள்ளேயே தங்கியிருப்பதால் இரண்டாவது முறை தசை சீக்கிரம் வளர்கிறது என்பது அவர்கள் விளக்கம். மனிதத் தசையிலும் அப்படியே நடக்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் ஓடுகிறது. எப்படியானாலும், ஒருமுறை கட்டிய தசையை மீட்பது முதல்முறை கட்டுவதைவிட எளிது என்பதைப் பயிற்சிக் கூடங்களில் எல்லோரும் கண்டிருக்கிறார்கள்.

ஆக, மூச்சு வாரங்களில் திரும்புகிறது. தசையும் அதிகம் பின்தங்குவதில்லை. நான்காவது வாரத்தில் நம் ஓட்டக்காரர் பழைய தூரத்தில் முக்கால்வாசியை ஓடிவிடுகிறார். இனி அவருடைய காலைப் பார்ப்போம்.

அணுகுண்டு காட்டிய நாண்

கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு பிணைப்பது அக்கிலிஸ் நாண். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் அது உடல் எடையைப் போல் ஆறு மடங்குக்கு மேல் இழுவையைத் தாங்குகிறது. தசைக்குள் ஓடும் அளவுக்கு ரத்தம் நாணுக்குள் ஓடுவதில்லை. அதிலுள்ள செல்களும் குறைவு. பெரும்பகுதி கொலாஜன் எனும் புரதக் கயிறு.

அந்தக் கயிறு எவ்வளவு சீக்கிரம் புதுப்பிக்கப்படுகிறது என்று கண்டுபிடிக்க உதவியது அணுகுண்டு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்த வெளியில் நடத்திய சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறத்தாழ இரு மடங்கானது. 1963-இல் திறந்தவெளிச் சோதனைகளைத் தடை செய்யும் ஒப்பந்தம் வந்த பிறகு அது படிப்படியாக இறங்கியது. செடிகள் வழியாகவும் உணவு வழியாகவும் அந்தக் கார்பன் எல்லோர் உடலிலும் புகுந்தது. ஒரு திசுவில் எவ்வளவு கார்பன்-14 இருக்கிறது என்று பார்த்தால் அது எந்த ஆண்டில் உருவானது என்று சொல்லிவிடலாம்.

டென்மார்க்கைச் சேர்ந்த கத்யா ஹைனமையர் குழுவினர் வெவ்வேறு ஆண்டுகளில் பிறந்தவர்களின் அக்கிலிஸ் நாண்களை இப்படி அளந்து 2013-இல் வெளியிட்டார்கள். நாணின் மையப் பகுதி ஒவ்வொருவரின் முதல் பதினேழு ஆண்டு வாழ்க்கையில் காற்றில் இருந்த கார்பனைத்தான் காட்டியது. உயரம் வளர்வது நின்றதும் நாணின் மையம் உருவாவதும் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஐம்பது வயதில் ஓடுபவர் தம் பதின்ம வயதில் நெய்யப்பட்ட கயிற்றை வைத்துக்கொண்டு ஓடுகிறார். தசைகளை அளந்தபோது அவை தொடர்ந்து புதுப்பிக்கப்படுவது தெரிந்தது.

நாண் செத்த கயிறு என்று இதற்குப் பொருளில்லை. பளு கொடுத்தால் அதன் விறைப்பு கூடுகிறது; செல்கள் கொலாஜனைச் சுரக்கின்றன. ஆனால் நேரம் எடுக்கிறது. கடினமாக ஓடிய பிறகு முதல் ஒன்றரை நாள் வரை நாணில் சிதையும் கொலாஜன்தான் அதிகம். அதன் பிறகே சேர்வது முந்துகிறது. மீண்டு வருபவரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடச் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. தினமும் ஓடினால் சேரும் நேரம் வருவதற்குள் அடுத்த சிதைவு தொடங்கிவிடும். காலையில் எழுந்து முதல் சில அடி வைக்கும்போது குதிகாலுக்கு மேலே ஒரு விறைப்பு, நடக்க நடக்கச் சரியாகிவிடுகிறது என்றால் அது நாண் கொடுக்கும் முதல் தகவல். சரியாகிவிடுகிறதே என்று அதைத் தள்ளிவிடுபவர்கள்தான் பிறகு மாதக்கணக்கில் பிசியோதெரபிக்குப் போகிறார்கள்.

எலும்பின் பலவீனமான வாரங்கள்

1855-இல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், நெடுநடைப் பயிற்சிக்குப் பிறகு சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். காரணம் என்னவென்று அவருக்குத் தெரிய வழியில்லை. ராண்ட்ஜன் 1895-இல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்து இரண்டு ஆண்டுக்குள் அந்தப் பாதங்களைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். அடியோ விழுகையோ இல்லாமல், வெறும் நடையால் பாத எலும்பில் விரிசல் விட்டிருந்தது. இன்று இதை ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்கிறோம். ஓட்டக்காரர்களுக்கு இது அதிகம் வருவது முழங்காலுக்குக் கீழே முன்புறம் தட்டுப்படும் டிபியா எலும்பிலும் பாத எலும்புகளிலும்.

ஓடும்போது ஒரு கால் தரையில் படும் கணத்தில் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை அதன்மேல் வருகிறது. எழுபது கிலோ உள்ளவர் மெதுவாக ஐந்து கிலோமீட்டர் ஓடினால் ஒவ்வொரு காலும் இரண்டாயிரத்து ஐந்நூறு முறைக்கு மேல் அந்த விசையை வாங்கும். எலும்பில் நுண்ணிய விரிசல்கள் விழுவது இயல்பு. அவற்றைச் சரிசெய்ய எலும்புக்குள்ளேயே இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றன. தார் சாலையில் ஒட்டுப் போடுபவர்கள் முதலில் பழுதான இடத்தைக் கொத்தி எடுத்துப் பள்ளமாக்குவார்கள்; புதிய ஜல்லி விழும்வரை அந்தச் சாலை முன்பைவிட மோசம். ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் எலும்பில் கொத்தி எடுக்கும் வேலையை ஏறக்குறைய மூன்று வாரத்தில் முடிக்கின்றன. அதை நிரப்பும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்களுக்கு மூன்று மாதம் ஆகிறது.

புதிதாகப் பளு ஏறும்போது பல இடங்களில் ஒரே நேரத்தில் கொத்தும் வேலை தொடங்குகிறது. எனவே ஓடத் தொடங்கிய மூன்றாவது வாரத்திலிருந்து சில வாரங்களுக்கு எலும்பு தொடங்கிய நாளைவிடச் சற்றே பலவீனமாக இருக்கலாம். ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் வருவதும் பெரும்பாலும் பயிற்சியின் முதல் இரண்டு மாதத்தில்தான்.

இப்போது இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாவது, நான்காவது வாரத்தில் மூச்சு திரும்பியிருக்கிறது, நாடி இறங்கியிருக்கிறது, உற்சாகம் உச்சத்தில் இருக்கிறது. அதே வாரங்களில் எலும்பு தன் பழைய பகுதிகளைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதியதற்காகக் காத்திருக்கிறது. “இன்னும் இரண்டு கிலோமீட்டர் போகலாம்” என்று மூச்சு சொல்லும்போது அதை நம்பக் கூடாத நேரம் அதுதான். ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் எலும்பு வலித்தால், ஒற்றைக்காலில் எம்பிக் குதிக்கும்போது அந்த இடம் சுளீரென்றால், அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொடக்க நாட்களில் எக்ஸ்ரேயில் அந்த விரிசல் தெரியாமலும் போகலாம், எம்ஆர்ஐயில் தெரியும்.

நடையும் ஓட்டமும் கலந்து

மெதுவாகத் திரும்புவதற்கு ஓட்டக்காரர்கள் கண்டறிந்த வழி நடையை இடையிடையே செருகுவது. 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸில் பத்தாயிரம் மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே, 1974-இல் புதியவர்களுக்கு ஓடச் சொல்லிக் கொடுக்கும்போது இந்த முறையை வகுத்தார். களைத்த பிறகு நடப்பது இதில் இல்லை. களைப்பதற்கு முன்பே, முதல் நிமிடங்களிலிருந்தே நடை வந்துவிடும்.

ஒரு காலைப் பொழுதை எடுத்துக்கொள்வோம். பத்து நிமிடம் விறுவிறு நடை. பிறகு ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை. இதை ஆறு முறை. கடைசியில் ஐந்து நிமிட நடை. ஓடியது ஆறே நிமிடம். பழைய ஓட்டக்காரருக்கு இது அவமானமாகவே இருக்கும்; மூச்சுகூட வாங்காது. ஆனால் அந்த ஆறு நிமிடத்தில் இரு கால்களும் சேர்ந்து ஆயிரம் அடி வைத்திருக்கும். ஆறு வாரமாகக் கட்டிலில் கிடந்த எலும்புக்கு ஆயிரம் அடி ஒரு செய்தி. அடுத்த நாள் ஓய்வு. அதற்கடுத்த நாள் அதே அளவு. அந்த வாரம் முழுவதும் காலையில் எழும்போது குதிகாலும் முழங்காலும் டிபியாவும் எதுவும் சொல்லாமல் இருந்தால், அடுத்த வாரம் இரண்டு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை. ஏற்றுவதா வேண்டாமா என்பதை ஓடும்போது எப்படி இருந்தது என்பதை வைத்து முடிவு செய்யாமல், மறுநாள் காலை எப்படி இருந்தது என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

வேகத்துக்கும் ஒரு எளிய அளவுகோல் உண்டு. ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்க் 6 முதல் 20 வரை போகும் ஒரு அளவை உருவாக்கினார். 6 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது. 20 என்றால் இதற்கு மேல் முடியாது. ஆறில் தொடங்குவது விசித்திரமாகத் தோன்றும். சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் இளைஞர்களின் நாடித்துடிப்பு உத்தேசமாகக் கிடைக்க வேண்டும் என்று அவர் அப்படி அமைத்தார். மீண்டு வருபவருக்கு 11, 12 போதும். அருகில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் அது. ஓரிரு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் நடைக்கு இறங்கிவிடலாம்.

எவ்வளவு ஏற்றுவது? வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்று எல்லா ஓட்டக் குழுக்களிலும் சொல்வார்கள். நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் 2008-இல் வெளியான ஆய்வில் ஐந்நூறுக்கு மேற்பட்ட புதிய ஓட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பத்து சதவீத விதிப்படி 13 வாரத் திட்டம். மற்றதற்கு வழக்கமான 8 வாரத் திட்டம். இரண்டிலும் ஐந்தில் ஒருவருக்குக் காயம். வித்தியாசமே இல்லை. 2025-இல் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டக்காரர்களின் கடிகாரத் தரவுகளை டென்மார்க் ஆய்வாளர்கள் தலைமையிலான குழு அலசியபோது வேறொன்று தெரிந்தது. காயத்தோடு தொடர்பு காட்டியது வாராந்தர மொத்தத் தூரத்தின் ஏற்றம் அல்ல. முந்தைய முப்பது நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடிய ஒற்றை ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் கூடி, பேச்சுச் சுவாரசியத்தில் ஐந்து எட்டாகிவிடும் அந்த நாள். நோயிலிருந்து வருபவருக்கு இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. ஒரு மாதம் படுத்திருந்தால் முந்தைய முப்பது நாளின் நீண்ட ஓட்டம் பூஜ்யம். காய்ச்சலுக்கு முன் இருபத்தொரு கிலோமீட்டர் ஓடியது இந்தக் கணக்கில் சேராது.

ஓடவே கூடாத நாட்கள்

இதுவரை சொன்னதெல்லாம் பளு ஏற ஏற உடல் பலம் பெறும் என்ற அடிப்படையில். சில நிலைகளில் அந்த அடிப்படையே பொருந்தாது.

முதலாவது, இதயத் தசை அழற்சி. பல வைரஸ் காய்ச்சல்கள் இதயத் தசையையும் தொடலாம். அழற்சி இருக்கும்போது கடினமாக ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். உறுதியானால் விளையாட்டு வீரர்களைக்கூட வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம் ஓடவிடாமல் நிறுத்தி, சோதனைகளுக்குப் பிறகே அனுமதிக்கிறார்கள். காய்ச்சலுக்குப் பிறகு நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம், சாதாரண நடைக்கே மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஷூவைக் கட்டும் முன் இசிஜி. காய்ச்சல் அடிக்கும் நாளில் “வியர்த்தால் விட்டுவிடும்” என்று ஓடுவது எக்காரணத்துக்கும் கூடாது. கோவிட் காலத்தில் பிரிட்டிஷ் மருத்துவர்கள் தந்த வழிகாட்டல் நல்ல பொதுவிதி. அறிகுறிகள் எதுவும் இல்லாமல் ஏழு நாள் கழிந்த பிறகே தொடங்க வேண்டும். போர்க் அளவில் எட்டைத் தாண்டாத நடையில் தொடங்கி, ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது ஏழு நாள் இருக்க வேண்டும்.

இரண்டாவது, உழைப்புக்குப் பின்வரும் சரிவு. நீடித்த கோவிட் உள்ளவர்களில் பலருக்கும், மயால்ஜிக் என்செஃபலோமயலிட்டிஸ் என்ற நாட்பட்ட சோர்வு நோய் உள்ளவர்களுக்கும் இது வரும். ஓடும்போது ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் மறுநாளோ அதற்கு மறுநாளோ ஆளையே சாய்த்துவிடும். மூளை மந்தமாகும், படுக்கையிலிருந்து எழ முடியாது, நாட்களோ வாரங்களோ நீளும். பயிற்சிக் களைப்பு இப்படி இருக்காது. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் நீடித்த கோவிட் உள்ள 25 பேரைச் சைக்கிள் மிதிக்க வைத்து, முன்னும் பின்னும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்து 2024-இல் வெளியிட்டார்கள். உழைப்புக்கு மறுநாள் தசைச் சேதமும் ஆற்றல் உற்பத்திக் கோளாறும் மோசமாகியிருந்தன. சோம்பல், பயம் என்று அதுவரை கேட்டு நொந்தவர்களுக்கு அது ஒரு சாட்சி. மயால்ஜிக் என்செஃபலோமயலிட்டிஸ் நோயாளிகளுக்குப் பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையைத் தரக் கூடாது என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-இல் தன் பழைய பரிந்துரையை மாற்றிக்கொண்டது. இவர்களுக்குச் சொல்ல வேண்டியது, தாங்கும் எல்லையைக் கண்டறிந்து அதற்குள்ளேயே வாழ்வது. இந்த அத்தியாயத்தின் ஓட்டத் திட்டம் அவர்களுக்கானதல்ல.

சிக்குன்குனியா மூன்றாவது வகை. வைரஸ் போய்விட்டாலும் மூட்டு வீக்கமும் வலியும் மாதக்கணக்கில் நீடிக்கலாம். வீங்கிய மூட்டோடு ஓட வேண்டாம். நீச்சலும் சைக்கிளும் காலில் அடி விழாமல் இதயத்துக்கும் தசைக்கும் வேலை கொடுக்கும்.

டொராண்டோவிலிருந்து பாஸ்டனுக்கு

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகு ஓடத்தான் வேண்டுமா என்று தோன்றலாம். மாரடைப்பின் வரலாறு அதற்குப் பதில் சொல்லும்.

1950களின் தொடக்கத்தில் மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைத்தார்கள். 1952-இல் பாஸ்டனில் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லோனும் நோயாளிகளை நாற்காலியில் உட்கார வைத்த அனுபவத்தை வெளியிட்டார்கள். உட்கார வைப்பதே அன்று துணிச்சலாகப் பட்டது. 1955-இல் அதிபர் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவரைப் பார்த்த இதய மருத்துவர் பால் டட்லி ஒயிட், நடமாட்டத்துக்குத் திரும்ப ஊக்குவித்தார். ஐசன்ஹோவர் அடுத்த ஆண்டு தேர்தலில் நின்று வென்றார்.

1960களின் பிற்பகுதியில் டொராண்டோவில் டெரன்ஸ் கவனா என்ற மருத்துவர் மாரடைப்பிலிருந்து மீண்டவர்களை நடக்கவும் பிறகு மெதுவாக ஓடவும் வைத்தார். 1973 ஏப்ரலில் அவருடைய நோயாளிகள் சிலர் பாஸ்டன் மாரத்தானில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடினார்கள். உலகம் வியந்தது அந்த ஒரு நாளைப் பார்த்து. ஆனால் அடுத்த ஆண்டு கவனா எழுதிய மருத்துவக் கட்டுரையில் கவனிக்க வேண்டியது அவர்கள் பயிற்சி எடுத்துக்கொண்ட காலம்: ஒன்று முதல் நான்கு ஆண்டு வரை. இதயம் ஒப்புக்கொண்ட பிறகும் காலுக்கு அவகாசம் கொடுத்தார்கள், கால் ஒப்புக்கொண்ட பிறகும் இதயத்தைச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள்.

டெங்குவோ டைபாய்டோ வந்து எழுந்தவருக்கு நான்கு ஆண்டு வேண்டியதில்லை. மூன்று, நான்கு மாதம் போதும். எலும்பின் ஒரு சுற்று வேலை முடிய ஆகும் காலம் அது. அக்டோபரில் படுத்தவர் ஜனவரி மாரத்தானில் தன்னார்வலராக நின்று தண்ணீர் கொடுக்கலாம். பதிவுக் கட்டணம் போகட்டும். அடுத்த ஜனவரிக்கு இன்னும் பன்னிரண்டு மாதம் இருக்கிறது. அது அவருடைய டிபியாவுக்கும் அக்கிலிஸ் நாணுக்கும் தாராளம்.